பொதுவில் வைத்த நிரலும் அதன் நிபந்தனைகளும்

விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கு நிபந்தனை ஏது என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. கணிப்பொறி நிரல்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் தவறானது. அது மட்டுமன்று, நல்ல உழைப்பு பலவற்றைப் பயனற்றுப் போகச் செய்வதும் இவ்வெண்ணமே. திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துவோரும், அதில் தாமே பங்கு கொள்வோரும் இன்று நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பெருகி வருகின்றனர். ஆதலின் இச்செய்தியைச் சற்று விரிவாக ஆராய்தல் பொருந்தும்.

நிலத்தடி நீர் மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறிக்கும் கள அலுவலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தம் பகுதியிலுள்ள நூறு கிணறுகளின் அளவுகளை அட்டவணைப்படுத்தி, கோட்டுப் படமாக வரைந்து காட்டும் சிறு நிரல் ஒன்றை அவர் அமைக்கிறார். படம் வரையும் பகுதியை ஜி.பி.எல். உரிமத்தின் 2-ஆம் பதிப்பின்கீழ் வெளியான ஒரு தொகுப்பிலிருந்து எடுக்கிறார். கோப்புகளைப் படிக்கும் பகுதி அப்பாச்சி உரிமம் 2.0 உடையது. அளவுகளிலுள்ள பிழைகளைச் சலித்தெடுக்கும் பகுதியோ யாரோ ஓர் அன்பர் பொதுவில் இட்டு வைத்தது. அதில் உரிமம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிரல் நன்றாகவே இயங்குகிறது. அடுத்த மாவட்டத்தார் அதைக் கேட்கின்றனர். பின்னர், நாடு முழுவதற்கும் அதை வழங்கலாமே என்று ஒரு மத்திய நிறுவனம் முன்வருகிறது. அப்பொழுதுதான் அந்நிறுவனத்தார் ஒரு கேள்வி கேட்கின்றனர்: "இதை எந்த உரிமத்தின்கீழ் வழங்குவது?" அலுவலரிடம் விடை இல்லை. நிரல் அங்கேயே நின்றுவிடுகிறது.

இது கற்பனையான உதாரணமே. ஆயினும் இதனை ஒத்த இடர்ப்பாடு உலகில் மிகப் பெரிய மென்பொருள் திட்டங்களையும் ஆண்டுக்கணக்கில் வருத்தியுள்ளது.

உரிமம் என்பது யாது?

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணிப்பொறி நிரலும் ஓர் இலக்கிய ஆக்கமாகவே கருதப்படுகிறது. கதையோ கட்டுரையோ எழுதியவருக்கு எவ்வாறு உரிமை உண்டோ, அவ்வாறே நிரலை எழுதியவருக்கும் உண்டு. இவ்வுரிமை தோன்றுவதற்குப் பதிவு எதுவும் வேண்டுவதில்லை. எழுதிய அளவிலேயே அது பிறந்துவிடுகிறது. ஆகவே, உரிமம் குறிக்கப்படாத நிரல் எல்லோருக்கும் உரியது என்பது பொருளன்று. அதைப் படியெடுக்கவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் ஒருவருக்கும் இசைவு அளிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். அவ்விசைவை எழுத்தில் அளிப்பதே உரிமம்.

திறந்த மூல உரிமங்கள் பலவாயினும், அவற்றை இரு பெருங் குடும்பங்களாகப் பிரிக்கலாம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி முதலியன ஒரு குடும்பம். ஆசிரியரின் பெயரையும் அறிவிப்பையும் அழிக்காமல் வைத்தால் போதும், நிரலை எவ்வாறும் பயன்படுத்தலாம் என்பது இவற்றின் போக்கு. ஜி.பி.எல். மற்றொரு குடும்பத்தைச் சேர்ந்தது. இதன்கீழுள்ள நிரலைத் தம் நிரலோடு கலந்து பிறர்க்கு வழங்குவோர், கலந்து பெற்ற முழுமையையும் அதே உரிமத்தின்கீழ் மூல நிரலுடன் வழங்குதல் வேண்டும். பெறுகின்றவர் மீது வேறு எந்தக் கட்டுப்பாட்டையும் கூடுதலாகச் சுமத்துதல் கூடாது. பிறர்க்கு வழங்காமல் ஒருவர் தம்மளவில் பயன்படுத்திக்கொள்ளும்போது இக்கேள்வி எழுவதில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

இரண்டு நல்ல உரிமங்கள் எவ்வாறு ஒன்றோடொன்று முரணும்? ஊர்ப் பள்ளிக்கு ஒருவர் நிலம் தருகிறார்; பள்ளியைப் பற்றிய ஒவ்வோர் அறிவிப்பிலும் தம் பெயர் இடம்பெற வேண்டும் என்பது அவர் நிபந்தனை. மற்றொருவர் கட்டடம் தருகிறார். பள்ளியைப் பயன்படுத்துவோர் மீது எவரும் புதிய நிபந்தனை எதனையும் சுமத்தலாகாது என்பது அவர் நிபந்தனை. இருவரும் கொடையாளிகளே, இருவர் கருத்தும் குற்றமற்றதே. ஆயினும் அந்த நிலத்தில் அந்தக் கட்டடத்தை எழுப்ப முடியாது. உரிமப் பொருத்தமின்மை என்பது இதுவே.

ஒரு வாக்கியத்தின் விலை

மேற்கூறிய உவமை வெறும் கற்பனையன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் தோன்றிய பழைய பி.எஸ்.டி. உரிமத்தில் இத்தகைய விளம்பர நிபந்தனை ஒன்று இருந்தது. மென்பொருளின் சிறப்புகளைக் குறிப்பிடும் விளம்பரங்களிலெல்லாம் ஆசிரியர்க்கு நன்றி கூறும் வாக்கியம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது அது. பிறரும் அதைப் பின்பற்றித் தத்தம் பெயர்களை இட்டனர். 1997-இல் வெளிவந்த நெட்பி.எஸ்.டி. பதிப்பு ஒன்றில் இவ்வாறான 75 நன்றி வாக்கியங்கள் இருந்ததை ரிச்சர்டு ஸ்டால்மன் எடுத்துக் காட்டினார். பல்கலைக்கழகம் 1999-இல் இந்நிபந்தனையைக் கைவிட்டது. ஆனால், தன் பெயரிலுள்ள நிரல்களுக்கு மட்டுமே அதனால் அவ்வாறு செய்ய முடிந்தது; பிறர் இட்டுக்கொண்டவை அப்படியே நின்றன.

அவ்வாறு நின்றவற்றுள் முதன்மையானது ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் தொகுப்பு. வலைத்தளங்களுக்கும் நம் கணிப்பொறிகளுக்கும் இடையே செல்லும் செய்திகளை மறைகுறியாக்கிக் காப்பது இதன் தொழில். எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர் உருவாக்கிய எஸ்.எஸ்.எல்.இ.ஏ.ஒய். என்னும் நிரலிலிருந்து 1998-இன் இறுதியில் இது கிளைத்தது. பழைய நிரலின் உரிமம், புதிய திட்டத்தின் உரிமம் ஆகிய இரண்டும் ஒருசேர இதனைக் கட்டுப்படுத்தின. இரண்டிலும் விளம்பர நிபந்தனை இருந்தது. கூடுதல் கட்டுப்பாடு கூடாது என்னும் ஜி.பி.எல். உரிமத்தோடு இது பொருந்தவில்லை.

இதன் விளைவு யாது? யாரும் சிறை செல்லவில்லை. ஆனால், டெபியன் போன்ற விநியோகத் திட்டங்கள், ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்போடு இணைந்த ஜி.பி.எல். நிரல்களை ஏற்க நெடுங்காலம் தயங்கின. ஒவ்வொரு நிரலின் ஆசிரியரும் தம் உரிமத்தில் தனி விலக்கு ஒன்றை எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று. சிலர் அவ்வாறு செய்தனர். வேறு சிலருடைய நிரல்களிலோ பலர் பங்கு கொண்டிருந்ததால் அவர்கள் அனைவரின் இசைவையும் பெற இயலவில்லை. ஜி.பி.எல். நிரல்களோடு இணையத்தக்க க்னூ டி.எல்.எஸ். என்னும் வேறொரு தொகுப்பையே சிலர் முதலிலிருந்து எழுதத் தலைப்பட்டனர். ஒரே வேலையைச் செய்ய இரண்டு தொகுப்புகள். இரண்டிலும் பிழை திருத்த இரண்டு குழுக்கள். உழைப்பு அரிதாயிருந்த துறை அது என்பதை 2014-இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். தொகுப்பில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீடு' என்னும் பெரும் பாதுகாப்புக் குறை உலகுக்கு உணர்த்திற்று. அத்தகைய துறையில் ஒரு வாக்கியத்தின் பொருட்டு உழைப்பு இரண்டாகப் பிரிந்து நின்றதே என்பதுதான் வருந்தற்குரியது.

மௌனம் சம்மதமாகுமா?

2015-இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். திட்டத்தார் தம் தொகுப்பை அப்பாச்சி உரிமம் 2.0-க்கு மாற்றுவதாக அறிவித்தனர். புதிதாகப் பங்கு கொள்வோரிடம் எழுத்துமூலம் உடன்பாடு பெறத் தொடங்கினர். 2017 மார்ச்சில், அதுவரை பங்களித்திருந்த சுமார் 400 பேருக்கும் மடல் அனுப்பினர். மறுமொழி வாராவிடில் மறுப்பு இல்லை எனக் கொள்வோம் என்னும் கருத்து அம்மடலில் இருந்தது. இதனை ஓப்பன்பி.எஸ்.டி. திட்டத்தைச் சேர்ந்த தியோ டி ராட் முதலியோர் வன்மையாகக் கண்டித்தனர்.

கண்டித்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. திட்டத்தாரின் இடர்ப்பாடு எனக்குப் புரியாமலில்லை. பழைய முகவரிகள் மாறியிருக்கும்; பணி மாறியவர் உண்டு; மறைந்தவரும் இருக்கலாம். ஆயினும் வீட்டுக்காரர் கடிதத்துக்கு விடை எழுதவில்லை என்பதால் அவர் வீட்டை விற்கும் உரிமை எவருக்கும் பிறந்துவிடுவதில்லை. ஜி.பி.எல். உட்பட எல்லாத் திறந்த மூல உரிமங்களும் ஆசிரியரின் உரிமை என்னும் ஒரே அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. வசதிக்காக அதனை ஒருமுறை தளர்த்தினால், நாளை பெரு நிறுவனம் ஒன்று நம் நிரலை எடுத்துக்கொண்டு, "மடல் அனுப்பினோம், நீங்கள் விடை தரவில்லை" என்று சொல்லும்பொழுது நாம் வாய் திறக்க முடியாது.

திட்டத்தார் பின்னர் செய்ததே சரியான வழி. விடை தராதவர்களைத் தேடினர்; மறுத்தவர், கண்டறிய இயலாதவர் ஆகியோரின் பகுதிகளைத் தனித்தனியே ஆராய்ந்து, நீக்க வேண்டியவற்றை நீக்கவும் புதிதாக எழுத வேண்டியவற்றை எழுதவும் முற்பட்டனர். புதிய உரிமத்துடன் 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில். அறிவிப்பிலிருந்து நிறைவு வரை ஆறு ஆண்டுகள்! அப்பொழுதும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. அப்பாச்சி 2.0, ஜி.பி.எல். 3-ஆம் பதிப்போடு பொருந்தும். காப்புரிமை பற்றிய அதன் விதிகள் காரணமாக 2-ஆம் பதிப்போடு பொருந்தாது என்பது ஜி.பி.எல். உரிமத்தை இயற்றிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்து.

களப்பணியாளர் பலரும் அறிந்த ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்னும் பொதுநிலப்படத் திட்டம் இதே பாடத்தைக் கற்றது. 2004-இல் தொடங்கிய அத்திட்டம், கலை ஆக்கங்களுக்கென அமைந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் தரவுகளுக்கு ஏற்றதன்று எனக் கண்டு, 2012 செப்டம்பரில் தரவுத்தளங்களுக்குரிய வேறோர் உரிமத்துக்கு மாறிற்று. அதற்கு ஒவ்வொரு பங்களிப்பாளரின் இசைவும் கேட்கப்பட்டது. இசையாதவர் குறித்திருந்த சாலைகளும் ஊர்களும் அவ்வாண்டு ஜூலையில் படத்திலிருந்து நீக்கப்பட்டன. தொண்டர்கள் மீண்டும் சென்று வரைந்தனர். இழப்பு கசப்பானதே. ஆயினும் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாத அந்நேர்மை பாராட்டற்பாலது.

இதற்கு மாறாக, விக்கிப்பீடியாவின் அனுபவம் எளிதாயிருந்தது. அதன் கட்டுரைகள் முதலில் ஜி.எஃப்.டி.எல். என்னும் உரிமத்தின்கீழ், "1.2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு" என்னும் குறிப்போடு வெளியாயின. 2008 நவம்பரில் அவ்வுரிமத்தை இயற்றியவர்களே 1.3 பதிப்பை வெளியிட்டு, அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாற ஒரு வழியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்து வைத்தனர். பங்களிப்போரின் வாக்கெடுப்புக்குப் பின் 2009 ஜூனில் மாற்றம் நிறைவேறியது. எழுதிய பல்லாயிரவரை ஒவ்வொருவராகத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. தொடக்கத்தில் எழுதி வைத்த "பிந்திய பதிப்பு" என்னும் சொற்கள் அவ்வளவு பெரிய உதவியைச் செய்தன.

தீர்க்கும் வழிகள்

முரண்பாடு தோன்றியபின் அதனைத் தீர்க்க நேர்மையான வழிகள் நான்கு உள்ளன.

முதலாவது, உரிம வாசகத்தை முழுவதும் படித்தல். ஜி.பி.எல். 2 என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நிரல்கள் பலவற்றில் "அல்லது பிந்திய பதிப்பு" என்னும் சொற்கள் மூல நிரலின் தலைப்பில் இருக்கும். அவை இருந்தால் 3-ஆம் பதிப்பைத் தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸ் கருவைப் போல "2-ஆம் பதிப்பு மட்டும்" என்றிருந்தால் அது இயலாது.

இரண்டாவது, ஆசிரியரைக் கேட்டல். அவர் உரிமத்தை மாற்றலாம். தனி விலக்கு அளிக்கலாம். அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட உரிமங்களை ஒருங்கே தந்து, பெறுவோர் விரும்பியதைக் கொள்ளுமாறு செய்யலாம். மொசில்லாத் திட்டத்தார் தம் உரிமம் ஜி.பி.எல்லோடு பொருந்தாமை கண்டு மேற்கொண்டது இம்மூன்றாவது முறையே. 2001-இல் தொடங்கிய அப்பணி, பங்களித்தோரின் இசைவைத் திரட்டி நிறைவேற 2006 வரை ஆயிற்று.

மூன்றாவது, முரணும் பகுதியை நீக்கி, பொருந்தும் உரிமமுடைய வேறொன்றை இடுதல். கிடைக்காவிடில் புதிதாக எழுதுதல். பழைய நிரலை அருகில் வைத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றுவது புதிதாக எழுதுவதாகாது.

நான்காவது, இரண்டையும் ஒரே நிரலாக்காமல், தனித்தனி நிரல்களாகவே வைத்து, கோப்புகளின் வழியே செய்தி பரிமாறச் செய்தல். இப்பிரிவு மெய்யானதாக இருக்க வேண்டும். பெயரளவிலான பிரிவினால் பயனில்லை.

நாம் செய்ய வேண்டியவை

"ஓர் ஆசிரியர் மீதோ கள அலுவலர் மீதோ யார் வழக்குத் தொடரப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் யாரும் தொடரமாட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் நாம் அஞ்ச வேண்டியது வழக்கையன்று. நல்ல கருவி ஒன்று, தெளிவான உரிமம் இல்லாத ஒரே காரணத்தால், அதனை உருவாக்கியவர் மேசையைத் தாண்டாமல் போவதுதான் இழப்பு. அவர் பணிமாற்றம் பெறும் நாளில் அதுவும் மறைந்துவிடும்.

ஆசிரியர்கள் ஆயத்தம் செய்யும் பாடப் பொருள்களிலும் இதே சிக்கல் உண்டு. விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தழுவி எழுதுவதை அதே உரிமத்தின்கீழ், வாணிகப் பயனுக்குத் தடையின்றி வெளியிடுதல் வேண்டும். அதனோடு "வாணிகமல்லாப் பயனுக்கு மட்டும்" என்னும் உரிமமுடைய படமொன்றைத் திருத்திக் கலந்து ஓர் ஆக்கமாகச் செய்தால், அவ்வாக்கத்துக்கு எந்த உரிமமும் பொருந்தாது. இரண்டையும் தத்தம் உரிமக் குறிப்போடு தனித்தனியே வைப்பது வேறு. கலந்து ஒன்றாக்குவது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கும் உணர்த்தலாம். பிறர் உழைப்பை மதிக்கும் பழக்கம் அவ்வாறு வளரும்.

அரசாங்கப் பணியிலுள்ளோர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணியின்பொருட்டு எழுதப்பட்ட ஆக்கத்தின் முதல் உரிமையாளர் பணியில் அமர்த்தியவரே. அரசாங்க ஆக்கமாயின் அரசாங்கமே. ஆகவே அலுவலர் தாமாக உரிமம் வழங்கும் நிலையில் பெரும்பாலும் இல்லை. மேலதிகாரியின் எழுத்துமூல இசைவு இன்றியமையாதது. மத்திய அரசாங்கம் 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை அறிவித்தது. அக்கொள்கையின் பயன் கீழ்மட்டம் வரை எட்ட வேண்டுமானால், இவ்விசைவைக் கேட்பதும் தருவதும் எளிய நடைமுறையாதல் வேண்டும். ஒரு பக்க விண்ணப்பம் மாதக்கணக்கில் கோப்பில் உறங்குமானால், ஊக்கமுள்ள அலுவலர் கேட்பதையே விட்டுவிடுவார்.

அலுவலகங்களுக்கு மற்றொரு வேண்டுகோளும் உண்டு. தாமே புதிய உரிமம் எழுத முற்படுதல் கூடாது. "துறையின் முன் இசைவு பெற்றே பயன்படுத்த வேண்டும்", "ஒவ்வொரு வெளியீட்டிலும் துறையின் பெயரைக் குறிப்பிட வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சேர்க்கும் ஒரு வரி, பெர்க்கிலியின் விளம்பர நிபந்தனை செய்த தீங்கையே நம் நாட்டிலும் செய்யும். உலகம் நன்கறிந்த உரிமங்களுள் ஒன்றைச் சொல் மாற்றாமல் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

நம் கள அலுவலரிடம் திரும்புவோம். அவர் படம் வரையும் தொகுப்பின் தலைப்பைத் திறந்து பார்க்கிறார். "2-ஆம் பதிப்பு அல்லது பிந்தியது" என்றிருக்கிறது. 3-ஆம் பதிப்பைத் தேர்ந்துகொண்டால் அப்பாச்சிப் பகுதியோடு முரண் இல்லை. பிழை சலிக்கும் பகுதியின் ஆசிரியருக்கு மடல் எழுதுகிறார், விடை வரவில்லை. ஆகவே அப்பகுதியை நீக்கிவிட்டு, தம் அனுபவத்தைக் கொண்டு தாமே ஒன்றை எழுதுகிறார். மேலதிகாரியின் இசைவைப் பெற்று, உரிம வாசகத்தையும், எப்பகுதி எங்கிருந்து வந்தது என்னும் பட்டியலையும் நிரலோடு சேர்த்து வைக்கிறார். இவற்றுக்கெல்லாம் அவருக்குச் சில வாரங்கள் ஆகலாம். முதல் நாளிலேயே எண்ணியிருந்தால் ஒரு பிற்பகல் போதியதாயிருக்கும்.

எந்த நிரலையும் பாடத்தையும் தொடங்கும் நாளில் மூன்று வரிகள் எழுதி வைப்போம்: இதனை ஆக்கியவர் யார், எவற்றிலிருந்து எடுத்தது, எந்த உரிமத்தின்கீழ் வழங்குவது. நமக்குப் பின் அம்மேசைக்கு வருபவர்க்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய சிறந்த உதவி அதுவேயாகும்.